கல் விலங்கும் கதை விலங்கும்

டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரை நோக்கி வரும் சாலையில் மலைகள் உண்டு. மலைகளைவிட உயர்ந்த கதைகளும் உண்டு. திருமங்கலத்தைக் கடந்து, பரங்குன்றத்தைத் தாண்டியதும் பசுமலை. மேற்கே நெடுக நீண்டு கிடப்பது நாகமலை. நகரை ஊடறுத்து மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடைக்குச் சென்றால், துதிக்கையை நீட்டிப் படுத்துக்கிடக்கும் களிறு போல யானைமலை. பசுவும் பாம்பும் யானையும் சமணர் ஏவிய விலங்குகளாம்! மதுரையை மிதித்து அழிக்க மந்திரத்தால் எழுப்பப்பட்டவையாம்! சொக்கன் அருளால் அடிபட்டு, அப்படியே கல்லாய்ச் சமைந்துவிட்டனவாம்! திருவிளையாடற் புராணம் அளக்கும் கதை இது. யானையை வீழ்த்தியது நரசிங்கக் கணை. பசுவை வீழ்த்தியது நந்தி. பாம்புக்கும் ஓர் அம்பு.

கேட்பவர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். அந்தக் கல் எத்தனை நாளையது, அதற்கு யானை என்று பெயர் வந்தது எப்போது, பெயர் முந்தியதா கதை முந்தியதா என்று கேட்டவர் எத்தனை பேர்?

மலையை விடுங்கள். கல்லுப்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் கரிசல் காட்டிலே, கண்மாய்க் கரையிலே, வேப்பமரத்தடியிலே, கொம்பொடிந்த கல் எருது ஒன்று கிடப்பதாகக் கொள்வோம். நம் நாட்டுச் சிற்றூர்களில் அப்படிக் கிடப்பது புதுமையன்று. அதன் வயது என்ன என்று மூன்று பேரிடம் கேளுங்கள். பூசாரி சொல்வார்: "யாரும் செய்ததில்லை, தானாகத் தோன்றியது." ஊர்ப் பெரியவர் சொல்வார்: "பாண்டவர் வனவாசம் வந்தபோது வைத்தது." மூன்றாமவர் நம்மவர், மேடையேறிப் பழகியவர், கருத்தும் துடிப்பும் உள்ளவர். அவர் சொல்வார்: "ஐயாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழன் கைவண்ணம் இது!"

இம்மூவரில் யார் பெருங்குற்றவாளி? மூன்றாமவரே என்பேன். முன்னிருவரும் சான்று காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நம்பிக்கை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நம்மவரோ பகுத்தறிவின் பெயரால் பேசுகிறார். புராணீகனிடம் "ஆதாரம் எங்கே?" என்று அதட்டிக் கேட்ட வாய், தன் பெருமையைப் பேசும்போது மட்டும் ஆதாரத்தை மறக்கலாமா? பூசாரியின் எருதுக்கு ஒரு நீதி, நம் எருதுக்கு வேறு நீதியா?

ஆகவே, கல் விலங்கொன்றின் வயதை எப்படி அறிவது என்று சற்று ஆற அமர எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கல்லின் வயது வேறு. அதில் உளி பட்ட வயது வேறு. மதுரை வட்டாரத்துப் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னமே, மனிதன் என்றோர் உயிர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, பூமியின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. சமணரும் அப்போது இல்லை. சொக்கரைப் பாடியவரும் அப்போது இல்லை. அந்தப் பாறையிலிருந்து சென்ற வாரம் வெட்டியெடுத்த அம்மிக்கல்லுக்கும் வயது ஐம்பது கோடிதான். எனவே, கல்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் சிற்பத்தின் வயது வந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. கரியணுவைக் கொண்டு காலம் கணிக்கும் முறை ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளுக்கே பொருந்தும்: கரிக்கு, எலும்புக்கு, நெல்லுக்கு. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டே அந்த மண்ணடுக்குக்கு ஏறத்தாழ கி.மு. 580 என்று நாள் குறித்துக் கொடுத்தது. 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதனை வெளியிட்டது. அங்கே பேசியது கரி, கல் பேசவில்லை.

இதனால் நம் எருதுக்குக் கிடைக்கும் பாடம் என்ன? எருது எந்த மண்ணடுக்கில் புதைந்திருந்தது, அதனோடு எந்தப் பானையோடு கிடந்தது, எந்தக் கரி கிடந்தது என்பதே அதன் பிறப்புச் சான்றிதழ். தோண்டியெடுத்து, தூக்கி வந்து, திண்ணையில் நிறுத்தினால் சான்றிதழ் கிழிந்தது! டி. கல்லுப்பட்டி இந்த வகையில் வெறும் ஊர் அன்று. 1976ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அங்கு அகழ்வு நடத்தியது. பெயரிலேயே கல்லை வைத்திருக்கும் அந்த ஊரின் மண்ணுக்குள், பெயர் தெரியாத முன்னோர் ஆக்கி உண்ட சட்டி பானைகளின் கதை இருக்கிறது. அந்தக் கதைக்குப் பாண்டவர் துணை தேவைப்படவில்லை.

பாண்டவரைப் பற்றி ஒரு சொல். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், பாறைக் குகைகளில், வழுவழுவென்று செதுக்கிய படுக்கைகள் உள்ளன. மக்கள் அவற்றை 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்கின்றனர். படுக்கையின் மேலேயே எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. செய்வித்தவர் பெயர், தங்கிய துறவியின் பெயர், சில இடங்களில் கொடையளித்த வணிகன் பெயர்கூட இருக்கிறது. தமிழ் பிராமி எழுத்து அது. படிக்கத் தெரிந்தவர் இல்லாமற் போனபோது, படுக்கை பாண்டவருக்குப் போய்ச் சேர்ந்தது. எழுத்தறிவு அகன்ற இடத்தில் கதை குடியேறும் என்பதற்கு இதைவிட வேறென்ன காட்டு வேண்டும்?

இப்போது யானைமலைக்கு வருவோம். அந்த மலையிலும் அத்தகைய குகை உண்டு, படுக்கைகள் உண்டு, எழுத்தும் உண்டு. அங்கே தங்கியிருந்த துறவியரின் பெயர்களைச் சொல்லும் அந்த ஒற்றைவரிக் கல்வெட்டு 'இவ குன்றம்' என்று தொடங்குகிறது. தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டு பெருநூலாக வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் இதற்குப் பொருள் கூறினார்: 'இவம்' என்பது 'இபம்', இபம் என்றால் யானை. இவகுன்றம் என்றால் யானைமலை! அந்த எழுத்தின் வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! திருவிளையாடலைப் பாடிய பரஞ்சோதி முனிவர் 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவர். அவருக்கு முன்னர் பாடிய பெரும்பற்றப்புலியூர் நம்பியும் 12, 13ஆம் நூற்றாண்டினர். அந்தப் புராணங்கள் ஏட்டில் ஏறுவதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அந்தக் குன்றுக்கு யானை என்ற பெயர் வழங்கிற்று. பெயரை வெட்டி வைத்தவர் யார்? துறவியரைப் போற்றி அங்கே குடியமர்த்திய கூட்டத்தார். தாம் ஏவிய யானை தோற்றுச் செத்துக் கல்லானது என்றால், அந்தப் பிணத்தின் மீதே படுக்கை வெட்டி, "இது யானைக் குன்றம்" என்று எழுதியும் வைப்பார்களா? படுத்த யானை போல் இருந்தது. யானைக்குன்றம் என்று அழைத்தார்கள். அவ்வளவே செய்தி. சமணரை வெறுத்த திருஞானசம்பந்தரே தம் மதுரைப் பதிகமொன்றில் ஆனைமாமலை முதலிய இடங்களைச் சமணரின் வாழ்விடங்களாகவே குறிக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் அது சமணர் வீடு. பின்னாளில் அது சமணர் யானை. வீட்டை யானையாக்கிய வித்தையைச் செய்தது மந்திரமா, மந்திரம் சொன்ன எழுத்தாணியா?

நரசிங்கக் கணையின் கதியும் இதுவே. யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் உண்டு. யானையின் மேல் பாய்ந்த கணையே அங்கே நரசிங்கமாய் அமர்ந்தது என்பது கதை. கோயிலிலுள்ள கல்வெட்டு வேறொன்று சொல்கிறது. கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி, களக்குடி எனப்பட்ட கரவந்தபுரத்தான், இந்தக் கற்றளியைச் செய்வித்தான். நீர்த்தெளி எனும் திருமுழுக்கு நடக்கும் முன்பே இறந்துபட்டான். அவனுக்குப் பின் அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை முடித்தான். வட்டெழுத்தில், தமிழில், பெயரோடு இருக்கிறது. அம்பு எய்தவன் பெயரில்லை. யானை பற்றிய பேச்சில்லை. அண்ணன் தொடங்கினான், தம்பி முடித்தான்; இரு மனிதர் செய்த வேலை. அண்ணன் செத்த துயரம்கூட அந்தக் கல்லில் தெரிகிறது. இந்த மனிதச் செய்தியைவிட அந்த மாயக்கதை எந்த வகையில் சிறந்தது?

அதே மலையில் இன்னொன்றும் உண்டு. நரசிங்கம் குடைவரை எழுந்து ஒரு நூற்றாண்டு, ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், மலையின் மற்றொரு பக்கத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டன. தமிழகமெங்கும் அத்தகைய உருவங்களைச் செய்வித்த அச்சணந்தி என்னும் துறவியின் பெயரும் அங்கே காணப்படுகிறது. அவ்வுருவங்களுள் ஒன்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் யார் தெரியுமா? நரசிங்கமங்கலத்துச் சபையார்! பெருமாள் கோயிலின் அடிவாரத்து ஊர்ச்சபை, சமண உருவத்துக்குக் காவல். கல்வெட்டு சொல்கிறது.

இது நம்மவர் சிலருக்கும் சற்று இடர் தரும் செய்திதான். எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினர் என்ற கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டு முழங்குவோர் நம்மிலும் உண்டு. புராணம் சொல்லும் யானையை மறுத்து, புராணம் சொல்லும் கழுமரத்தை மட்டும் வரலாறு என்று ஏற்பது எந்த முறை? சமயப் பகை இருந்தது, அது பாடல்களிலேயே பச்சையாகத் தெரிகிறது, மறைக்க முடியாது. ஆனால் அந்தப் பகைக்குப் பின்னும் மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமணம் வாழ்ந்தது, ஊர்ச்சபை அதற்குக் காவல் நின்றது என்பதும் கல்லில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவனே வரலாறு படிப்பவன்.

2004ஆம் ஆண்டு முதல் யானைமலையைப் பார்த்தபடி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடந்துவருகிறது. சாட்சி கேட்கும் மன்றத்தின் எதிரே, சாட்சியம் சொல்லிக்கொண்டு ஒரு மலை. பொருத்தம்தான்! 2010ஆம் ஆண்டை ஒட்டி அந்த மலையையே வெட்டிச் சிற்ப நகரம் அமைக்கலாம் என்றொரு திட்டம் எழுந்தது. நரசிங்கம் ஊராரும் சுற்றுப்புற மக்களும் எதிர்த்து நின்றனர், திட்டம் நின்றது. சிற்பம் செய்கிறேன் என்று சாட்சியை அழிக்கும் கொடுமையிலிருந்து அந்த யானை தப்பியது. காப்பாற்றியது கணையன்று, மக்களின் குரல்.

இனி, செதுக்கிய யானைக்கு வருவோம். சித்தராய் வந்த சொக்கன், அபிடேக பாண்டியன் காணக் கல்யானைக்குக் கரும்பு கொடுத்தான். கல்யானை வாங்கித் தின்றது. பாண்டியன் கழுத்து முத்துமாலையையும் பறித்தது. இதுவும் திருவிளையாடல். இந்தக் காட்சியைச் சிற்பமாகவே மதுரையில் காணலாம். கீழக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம்; பல்லாண்டுக் காலம் தையற்காரரும் புத்தகக் கடைக்காரரும் நிறைந்திருந்த இடம். அங்கே தூணொன்றில் கரும்பு தின்னும் யானை நிற்கிறது. பார்த்தவர் என்ன நினைப்பர்? "கண்ணெதிரே கல்யானை இருக்கிறதே, கதை பொய்யாகுமா!" என்பர். அந்த மண்டபத்தைக் கட்டியவர் திருமலை நாயக்கர்; ஆண்டது 1623 முதல் 1659 வரை. ஆக, கதையைக் கேட்ட சிற்பி கதையைச் செதுக்கினான். பின்வந்தவன் சிற்பத்தைக் காட்டிக் கதைக்குச் சாட்சி என்றான். தந்தைக்கு மகன் பிள்ளையா, மகனுக்குத் தந்தை பிள்ளையா?

நாயக்கர் காலம் என்று எப்படித் தெரிகிறது? கல்வெட்டும் ஆவணமும் ஒருபுறம் இருக்க, வடிவமே ஒரு சான்று. பல்லவன் மாமல்லன் காலத்துச் சிங்கம், தூணின் அடியில் குந்தியிருக்கும்; தலையில் தூணைத் தாங்கும்; அடக்கமான விலங்கு அது. ஆயிரம் ஆண்டு கழித்து நாயக்கர் மண்டபத்திலே அதே இனம் யாளியாக வளர்ந்து, முன்னங்கால்களை உயர்த்தி, வாய்க்குள் உருளும் கல் பந்தோடு பாய்கிறது. பாண்டியரின் முற்காலக் குடைவரைத் தூண்களிலோ விலங்கே பெரும்பாலும் இல்லை, சதுரமும் எட்டுப்பட்டையும்தான். இப்படி அடையாளம் கண்டு வரிசைப்படுத்தலாம். எருதுக்கும் அப்படியே: கழுத்து மணிமாலை எத்தனை வரி, முதுகில் துணி விரித்திருக்கிறதா, திமில் எப்படி, காது எப்படி என்று பார்ப்பர். ஆனால் எச்சரிக்கை! பழைய வடிவைப் பார்த்துப் புதிய தச்சன் செதுக்குவதும் உண்டு. வடிவம் மட்டுமே சான்றாக நின்றால், அது ஊகம். ஊகத்தை ஊகம் என்றே சொல்ல வேண்டும்.

வடிவத்தைப் பார்த்து வயதைத் திருத்திய பெரும் வழக்கு தஞ்சையில் உள்ளது. பெரிய கோயிலின் முன்னே 12 அடி உயரமும் ஏறத்தாழ 20 அடி நீளமும் உடைய நந்தி. ஒரே கல். கோயிலைக் கட்டியவன் இராசராசன்; 1010ஆம் ஆண்டு பணி முடிந்தது. எனவே நந்தியும் இராசராசனுடையது என்று பள்ளிப் பிள்ளை முதல் பட்டதாரி வரை நம்பினோர் ஏராளம். அதற்குமேல் ஒரு கதை: நந்தி வளர்ந்துகொண்டே போயிற்றாம், மண்டபத்தை இடித்துவிடும் என்று அஞ்சி முதுகில் ஆணி அடித்தார்களாம், வளர்ச்சி நின்றதாம்! வளர்ந்துகொண்டே போனது நந்தி அன்று. நம் மக்களின் ஏமாளித்தனம். அந்த நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை என்பது கலை வரலாற்றாரின் முடிவு. தஞ்சையில் நாயக்கராட்சி 1532இல் தொடங்கியது. ஆகவே இராசராசனுக்கும் அந்த எருதுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. சோழர் காலத்துப் பழைய நந்தியைக் கோயிலின் தென்புறத்தே காட்டுகிறார்கள், பார்ப்பார்தான் குறைவு.

இதனால் இராசராசன் சிறுத்துவிட்டானா? இல்லையே! 216 அடி விமானம் அப்படியேதான் நிற்கிறது. இல்லாத எருதை அவன் தொழுவத்தில் கட்டி அவனுக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. நாயக்கர் காலத்துக் கல்தச்சனும் நம் மண்ணில் உழைத்தவன்தானே? ஒரே கல்லில் அத்தனை பெரிய எருதைச் செய்த அவன் உழைப்பைத் திருடி, ஐந்நூறு ஆண்டு முந்திய மன்னன் கணக்கில் எழுதுவது நீதியாகுமா?

அரசர்களின் விலங்குகளைப் பற்றியே பேசிவிட்டோம். பெயரும் ஊரும் காலமும் தெரிந்த, ஐயத்துக்கே இடமில்லாத கல்விலங்குகள் தமிழகத்தில் உண்டு. அவை கோயில் வாயிலில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் வட்டாரத்து எடுத்தனூர். அங்கே ஒரு நடுகல். வில்லேந்தி ஒருவன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். மேலே எழுத்து: மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் போரில் பட்டான், அவனுக்கான கல் இது. நாயின் பக்கத்தில் தனியே இன்னோர் எழுத்து: கோவிவன் என்னும் இந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது.

ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன் ஒரு நாய்க்கு எழுப்பிய நினைவு அது. காலம் தெரிகிறது, மன்னன் ஆட்சியாண்டால். தோற்றம் தெரிகிறது, எருமை மேய்த்த குடியால். பெயரும் தெரிகிறது; கோவிவன்! தஞ்சை நந்தியைச் செய்த தச்சன் பெயர் நமக்குத் தெரியாது. எடுத்தனூர் நாயின் பெயர் தெரியும். பசுவல்ல, எருமை, மன்னனல்ல, மாடு காத்தவன், தேவ வாகனமல்ல, காவல் நாய். புராணத்தில் இடமில்லாத இம்மூவரும் கல்லில் இடம்பெற்றார்கள். அவர்கள் வானத்திலிருந்து இறங்கி வந்ததாக எந்தக் கவிஞனும் பாடவில்லை. பாடாததால்தானோ என்னவோ, உண்மை அப்படியே எஞ்சியிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு கல்லில் சேவல் செதுக்கப்பட்டிருக்கிறது. கோழிப்போரில் முகையூர் மேற்சேரிக்காக ஆடிய சேவல் என்று எழுத்து சொல்கிறது. இந்தளூரில் இன்னொரு சேவல். அது கீழ்ச்சேரிச் சேவல். அதற்குப் பெயரே உண்டு, பொற்கொற்றி. இக்கல்வெட்டுகளில் ஆண்டு இல்லை, அரசன் இல்லை. பிறகு எப்படிக் காலம் சொல்வது? எழுத்தின் வடிவத்தால்! தமிழ் பிராமி வளைந்து வளைந்து வட்டெழுத்தாகும் இடைக்காலத்து வடிவம் அது. ஆகவே ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர் கணித்தனர். மேற்சேரிக்கும் கீழ்ச்சேரிக்கும் சேவல் சண்டை, சேவலுக்குக் கல், கல்லில் எழுத்து. எளிய மக்கள் எழுத்தறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு ஒரு சேவல் சாட்சி நிற்கிறது. நமக்குப் பெருமை வேண்டுமென்றால், ஐயாயிரம் ஆண்டு என்று அளக்காமல், இந்தச் சேவலைக் காட்டலாமே!

எழுத்திருந்தால் சிக்கல் தீர்ந்தது என்று துள்ளிவிடவும் கூடாது. எழுத்து எங்கே இருக்கிறது, யார் எழுதியது என்று பார்க்க வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் வடபுறத்தில் 1990ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் மணலை அகற்றியபோது, பாறையிலிருந்தே குடைந்த பன்றியுரு, பூவராகம், வெளிப்பட்டது. அதன் பீடத்திலேயே பல்லவன் இராசசிம்மனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தவன். பாறையும் பீடமும் எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டியவை; காலம் உறுதியாயிற்று.

எகிப்து நாட்டில் நிலை வேறு. கீசாவில் சிங்க உடலும் மனிதத் தலையுமாய்ப் படுத்திருக்கிறது ஸ்பிங்க்ஸ். 240 அடி நீளம், 66 அடி உயரம். அதன் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு கருங்கல் பலகை. அதில் நிறைய எழுத்து. எழுத்தை நம்பி நாள் குறித்தால் ஏமாந்தோம்! அந்தப் பலகையை நட்டவன் நான்காம் துட்மோஸ், கி.மு. 1400ஐ ஒட்டியவன். சிலையோ அதற்கும் ஆயிரத்து நூறு ஆண்டு மூத்தது. இளவரசனாயிருந்தபோது அந்தச் சிலையின் நிழலில் உறங்கினானாம். சிலை கனவில் வந்து, என்மேல் மூடிய மணலை அகற்று, உனக்கு முடி தருவேன் என்றதாம்! நம்மூர்த் தலபுராணத்துக்கு அண்ணன் போலில்லையா? அந்த நாட்டு ஆய்வாளர் கனவை ஒதுக்கிவைத்தார்கள். சிலையைச் சுற்றி வெட்டியெடுத்த பாறைகள் எங்கே போயின என்று தேடினார்கள்; எதிரேயுள்ள கோயிலின் சுவரில் அதே அடுக்குக் கற்கள் இருந்தன. அருகே செல்லும் கல்வழி காஃப்ரே மன்னனின் பிரமிடிலிருந்து இறங்கி வருகிறது. எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள். ஆகவே சிலை காஃப்ரே காலத்தது, கி.மு. 2500ஐ ஒட்டியது என்று முடிவு செய்தனர். பத்தாயிரம் ஆண்டு என்று அந்த நாட்டுச் சிலைக்கும் வயதை ஏற்றிச் சொல்லும் மேலைநாட்டார் உண்டு. ஆய்வாளர் அதை ஏற்பதில்லை. கல்லைப் பெற்ற குழியைக் கண்டுபிடி, கல்லின் பிறப்பிடம் தெரியும் என்ற அந்த முறை நமக்கும் ஏற்றதே. கல்லுப்பட்டி எருது அருகிலுள்ள குன்றின் கல்லா, அல்லது அந்த வட்டாரத்திலேயே இல்லாத வேறு கல்லா என்பதை மண்ணியல் அறிந்தவர் ஒரு சிறு சில்லைக்கொண்டே சொல்லிவிடுவர். அடியில் பாதி வெட்டிய பாறை அருகே கிடந்தால், பட்டறையே அங்குதான்.

இத்தனை சான்றுகளையும் நம் ஊரார் என்ன செய்கிறார்கள்? கல் எருதுக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், வண்ணம் பூசிக் கண் எழுதுகிறார்கள். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்து மெருகேற்றுகிறார்கள்; ஆயிரம் ஆண்டு காற்றுக்கும் மழைக்கும் தாங்கிய எழுத்து அரை நாளில் போய்விடுகிறது. உடைந்தது வீட்டுக்கு ஆகாது, ஊருக்கு ஆகாது என்று கிணற்றில் போடுகிறவர் உண்டு. இரவோடிரவாக வண்டியேற்றி விற்றுவிடுகிற கயவர் உண்டு. ஒரே ஒரு எருதுக்காக ஒருவன் கூரை போட்டு, உண்டியல் வைத்து, நான்கு ஆண்டில் "புராதன தலம்" என்று பலகை மாட்டி, சுற்றியுள்ள புறம்போக்கையும் வளைத்துவிடுகிற கதையும் நம் நாட்டில் புதிதன்று. வயதை நம்பிக்கையால் ஏற்றுவதில் ஆதாயம் பெறுகிறவர் யார் என்று அங்கே விளங்கும்.

மறுபுறம், கல் தோண்டும் வணிகம். மேலூர் வட்டாரத்தில் குன்றுகள் பல பாளம் பாளமாக அறுக்கப்பட்டுக் கப்பலேறின. 2024ஆம் ஆண்டு நவம்பரில், தமிழ் பிராமி எழுத்தும் சமணப் படுக்கையும் குடைவரையும் கொண்ட அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர் ஊராக மக்கள் திரண்டனர். மதுரை நோக்கி நடந்தனர். 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. ஒரு குன்று போனால், கல்லோடு அதில் எழுதியவனின் பெயரும் போகும்.

எனவே, கல்லுப்பட்டிச் சுற்றுவட்டாரத்து இளைஞர்களுக்குச் சில சொல்வேன். கண்மாய்க் கரையில் கல் விலங்கைக் கண்டால், முதலில் அதை அசைக்காதீர்கள். கிடக்கும் திசையோடு, பக்கத்து மண்ணோடு, நாற்புறமும் படம் எடுங்கள். அருகில் பானையோடு கிடந்தால் அதையும் படம் எடுங்கள், பொறுக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை இரும்பு கொண்டு சுரண்டாதீர்கள். எழுத்தின் வாய் அதோடு மூடிவிடும். மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். நண்பகலில் தெரியாத வெட்டும் கோடும் நிழல் விழுந்து தெரியும். பீடத்தையும் விலங்கின் முதுகையும் பின்பக்கத்தையும் பாருங்கள். மாலை போட்ட முகத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். ஊரில் அதற்கு வழங்கும் பெயரை, அது முன்பு எங்கே இருந்தது என்று முதியோர் சொல்வதை, குறித்துக்கொள்ளுங்கள். நம்புவதற்காக அல்ல, ஒப்பிடுவதற்காக. பின்னர் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அவர்கள் வந்து ஈரத்தாளை ஒற்றி, மை தடவி, படியெடுப்பார்கள். அன்று அந்த எருது நானூறு ஆண்டு என்று தெரிந்தால் நானூறு என்றே பலகையில் எழுதுங்கள். நம் பாட்டன் காலத்தது என்று தெரிந்தாலும் அப்படியே எழுதுங்கள்; செதுக்கிய தச்சனின் பேரன் அடுத்த தெருவில் இருக்கக்கூடும், அவனிடம் பெயர் கேட்டு அதையும் எழுதுங்கள்.